ஆடுவோர் அறிய வேண்டுவது யாது?

வத்தேகமையிலே ஒரு திருமண விழா. தாலிகட்டு நிறைவேறி, விருந்தும் முடிந்து, பெரியோர் விடைபெறத் தொடங்கும் வேளையில் இசைக்குழுவினர் பைலாவைத் தொடங்குகின்றனர். அதுவரை சுவரோரம் ஒதுங்கி நின்ற இளைஞர் கைக்குட்டையைச் சுழற்றியவண்ணம் மண்டபத்தின் நடுவே வருகின்றனர். தமிழரும் சிங்களவரும் ஒரே தாளத்திற்குக் கால் பெயர்க்கின்றனர். மொழிபெயர்ப்பு வேண்டாத பொதுச்சொத்தாக அத்தாளம் அங்கே விளங்குகின்றது. ஆயின், அஃது யாருடையது, எவ்வாறு இங்கு வந்தது என்று ஆடுவோரை வினவின் விடை கிடைப்பது அரிது. அறியாமல் ஆடுவது குற்றமா? பிறர் துயரிற் பிறந்த இசையில் நாம் இன்பம் காணும்போது, அத்துயரை அறியும் கடமையும் நமக்கு உண்டாகின்றதா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். பைலா என்னும் பெயர் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்து, 1658இல் ஒல்லாந்தரால் முற்றாக வெளியேற்றப்பட்ட போர்த்துக்கேயர் தம்முடன் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் போர்வீரராகவும் கொணர்ந்தனர். பின்வந்த ஆட்சியாளரும் அவ்வழக்கத்தைக் கைவிட்டாரல்லர். கண்டி இராச்சியத்தின்மீது ஆங்கிலேயர் தொடுத்த போர்களில் ஆபிரிக்கப் படையினரும் இம்மலைகளில் ஏறினர். தாம் கண்டிராத ஓர் அரசனின் பொருட்டு, தமக்குத் தீங்கிழைத்திராத வேறோர் அரசனை எதிர்த்து அவர்கள் போரிட நேர்ந்தது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழ்கின்றனர். கைத்தட்டலும் தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் துணையாக, மெல்லத் தொடங்கி விரைந்து முடியும் 'மாஞ்ஞா' எனும் பாடல்களை அவர்கள் பாடுகின்றனர். அப்பாடல்களின் மொழி இலங்கையில் உருவான போர்த்துக்கேயக் கலப்புமொழி. அதனைப் பாடுவோருள்ளும் பலர்க்கு அச்சொற்களின் பொருள் முழுதும் விளங்குவதில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் திருமணங்களில் ஆடப்படும் 'கப்பிரிஞ்ஞா' இதன் நெருங்கிய உறவாகும். இவ்வூற்றுக்களிலிருந்து பெருகிய பைலாவை, பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் 1940களில் சிங்கள மக்களிடையே பரப்பினார். 1970களில் ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசைப் பாடல்கள் வாயிலாக அத்துள்ளல் தமிழிலும் குடியேறியது.

இவ்வரலாற்றுக்குக் கடலுக்கு அப்பால் ஓர் உடன்பிறப்பு உண்டு. 1500இல் இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட கப்ராலின் கப்பற்படை, வழியிற் பிறேசில் கரையைத் தொட்ட பின்னரே கள்ளிக்கோட்டையை வந்தடைந்தது. அதன்பின் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக, ஏறத்தாழ 48 இலட்சம் ஆபிரிக்கர் பிறேசிலில் அடிமைகளாக இறக்கப்பட்டனர். அங்குள்ள கோப்பித் தோட்டங்களில் உழைத்தோர் இரவு வேளைகளில் முழவைச் சூழ்ந்து 'ஜொங்கு' எனும் ஆடலை நிகழ்த்தினர். அதன் பாடல்கள் விடுகதை போன்றவை. எசமானின் செவிக்கு வெறும் வேடிக்கையாக ஒலித்தது, பாடியோர்க்கு எள்ளலாகவும் எச்சரிக்கையாகவும் அமைந்தது. 1888இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் றியோ நகரை நாடி வந்தோரின் ஆடல்கள் பலவும் கலந்தே சம்பா உருப்பெற்றது. 1917ஆம் ஆண்டுக் களியாட்டத்தில் புகழ்பெற்ற 'பெலோ தெலெபோனே' என்ற பாடலே இசைத்தட்டில் வெளிவந்து பெரும் வெற்றி கண்ட முதற் சம்பா எனப் போற்றப்படுகின்றது. அதனை டொங்கா என்பவர் 1916இல் தம் ஆக்கமாகப் பதிவு செய்தார். சியாட்டா என்னும் பாஹியாப் பெண்மணியின் இல்லத்தில் பலர் கூடிப் பாடி உருவாக்கியதை ஒருவர் எங்ஙனம் உரிமை கொள்ளலாம் எனப் பூசல் எழுந்தது. இன்று உலகெங்கும் விற்பனையாகும் பிறேசிற் சாயல் ஆடலிசைத் தொகுப்புக்கள் பலவற்றின் பின்னே இத்தோட்டங்களும் இம்முழவும் இப்பூசலும் நிற்கின்றன.

இனி நம் வினாவுக்கு வருவோம். 'இன்பத்துக்கு வரலாறு எதற்கு? தாலாட்டின் தோற்றத்தை ஆராய்ந்தா குழந்தை உறங்குகின்றது?' என்பார் ஒருசாரார். 'துயரிற் பிறந்ததை ஆடிக் களிப்பது கொடுமை; அதனைக் கண்ணீரோடு கேட்பதே தகும்' என்பார் மற்றொரு சாரார். பின்னையோர் கூற்று உயர்ந்ததாகத் தோன்றினும் பிழையுடையது. ஏனெனில், அத்தாளத்திற்கு முதலில் ஆடியவர்கள் அவ்வடிமைகளே. பகற்பொழுதும் உடலுழைப்பும் பிறர்க்கு உரியனவாய்விட்ட நிலையில், இரவின் ஆடலை அவர்கள் தமக்கெனப் படைத்துக்கொண்டனர். தொல்காப்பியர் அழுகையையும் உவகையையும் வெவ்வேறு மெய்ப்பாடுகளாக வகுத்தார். வாழ்விலோ ஒரு நெஞ்சில் இரண்டும் ஒருங்கே குடியிருத்தல் கூடும். அவர்தம் ஆடலை அழுகை மட்டுமே எனக் கொள்வது, அவர்கள் அரிதின் ஈட்டிய உவகையையும் பறிப்பதாகும்.

அவ்வாறாயின் முன்னையோர் கூற்றே சரியா? அதனை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் நம் கையிலேயே உள்ளது. கோப்பி, வத்தேகமையைச் சூழ்ந்த மலைகளுக்கும் அயலானதன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரில் இறங்கி, காடு கடந்து மாத்தளை வழியே நடந்தோரின் உழைப்பாலேயே அப்பயிர் இங்கு செழித்தது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியவே, தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. துரையையும் கங்காணியையும் எள்ளியும், வழியில் மாண்ட உறவினரை எண்ணி ஏங்கியும் அம்மக்கள் பாடிய பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திராவிடின் அவற்றுட் பல மறைந்தே போயிருக்கும். இப்பாடல்களையும் காமன் கூத்தின் தப்போசையையும் வேற்று நாட்டார் ஒருவர் எடுத்து, எவர் பெயரும் குறியாமல் ஆடலிசைத் தொகுப்பாக வெளியிட்டுப் பொருளீட்டுவாராயின் நாம் வாளாவிருப்போமா? கேட்போர் அழ வேண்டுமென நாம் கோரமாட்டோம். இஃது இன்னாருடையது என்று சொல்லுமாறே கோருவோம். அக்கோரிக்கை நியாயமெனின், சிறாம்பியடி மக்கள் நம்மிடம் அதனையே கோருவதும் நியாயமே.

இவ்விடத்து நம்மையும் சற்றுச் சோதித்தல் வேண்டும். தப்போசைக்கு ஆடிக்கொண்டே தப்படிப்போரைத் தாழ்ந்தோரென ஒதுக்கிய வழக்கம் அயலார் கற்பித்ததன்று. அவ்வாறே பைலாவுக்கு ஆடும் நாம், 'காப்பிரி' என்னும் சொல்லைக் கரிய நிறத்தாரையும் சுருண்ட கூந்தலாரையும் இழிக்கும் வசைச்சொல்லாக இன்றும் வழங்குகின்றோம். இசையை ஏற்று இசைத்தவரை இகழும் இம்முரண்பாட்டிலேயே குற்றம் உள்ளது. வரலாற்றை அறியாமை தன்னளவில் மன்னிக்கத் தக்கது; இகழ்ச்சிக்கு நிழலாக அமையும் அறியாமை மன்னிக்கத் தக்கதன்று.

ஆகவே ஆடுவோர் செலுத்த வேண்டிய கடன் பெரிதன்று. பாடலுக்கு உரியோர் யாரென வினவுதல், அறிந்ததை மேடையிற் கூறுதல், அவர்தம் பெயரை வசையாக வழங்காதிருத்தல் ஆகிய மூன்றுமே போதும். திருமண மண்டபத்தில் இதனை எதிர்பார்த்தல் மிகையாகலாம். ஆயின், கலைவிழா எடுக்கும் பல்கலைக்கழக மாணவர், தம் அரங்கில் பைலாவோ தப்போ ஒலிக்குமுன் அறிமுகவுரையில் இரண்டு வாக்கியங்களை அதற்கென ஒதுக்குதல் எளிது. அவ்வாறு அறிந்தபின் ஆடுவோரின் கால்கள் தளரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தம் கதையை முழுதும் அறிந்திருந்தோரே இத்தாளத்திற்கு முதலில் ஆடினர்.