முள் காட்டிய உண்மை

பெரியவர் சொன்னார் என்பதால் பொய் மெய்யாகிவிடாது. எளியவர் சொன்னார் என்பதால் மெய் பொய்யாகிவிடாது. நிறுத்துப் பார், அளந்து பார், பிறகு ஏற்றுக்கொள்! அறிவியல் நமக்கு வழங்கும் அறம் இதுவே. ஆனால், தோழர்களே, துலாக்கோல் காட்டும் உண்மை நமக்குப் பிடிக்காத உண்மையாக இருந்தால் என் செய்வது? துலாக்கோலே பழுதுபட்டதாயின் என் செய்வது?

முதற் கேள்விக்கு விடை தந்தவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராலே பிரபு. நைட்ரஜன் வாயுவின் எடையை அவர் நுட்பமாக நிறுத்தார். காற்றிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரஜன் சற்றுக் கனமாகவும், அம்மோனியாவின் துணைகொண்டு பெற்றது சற்று இலேசாகவும் இருந்தன. வேற்றுமை ஆயிரத்தில் ஒரு பங்கு! கைப்பிழை என்று தள்ளியிருக்கலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டு, புகழோடு உறங்கியிருக்கலாம். அவரோ உறங்கவில்லை. 1892ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில், எனக்கு விளங்கவில்லை, வேதியியல் அறிந்தோர் விளக்குவீர்களா என்று ஊரறியக் கேட்டார்.

அத்தோடு நின்றாரா? இல்லை. வேற்றுமையை மறைக்க முனையாமல், பெரிதாக்க முனைந்தார்! முற்றிலும் வேதிப்பொருள்களினின்றே நைட்ரஜனைப் பெற்று நிறுத்தார். லிட்டருக்கு 1.2505 கிராம். காற்றிலிருந்து பெற்றதோ 1.2572 கிராம். வேற்றுமை ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்காக வளர்ந்தது. அந்த இடைவெளிக்குள் ஒளிந்திருந்தது புதியதொரு தனிமம்! 1894இல் ராலேயும் வில்லியம் ராம்சேயும் ஆர்கானை உலகுக்கு அறிவித்தனர். 1904இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான். மாந்தர் பிறந்த நாள்தொட்டு மூச்சிலே வந்துபோன பொருள்! 1785இலேயே கேவண்டிஷ், தம் சோதனையில் 120இல் ஒரு பங்குக்கு மேற்படாத சிறு குமிழி எஞ்சியதைக் கண்டு, கண்டவாறே எழுதிவைத்தார். அது இன்னதென்று காட்டும் நிறமாலைக் கருவி அன்று இல்லை. நேர்மை இருந்தது, கருவி இல்லை. உண்மை நூறாண்டுக்கு மேல் காத்துக்கிடந்தது.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? 2011இல், ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து புறப்பட்ட நியூட்ரினோத் துகள்கள், 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோவுக்கு ஒளியைவிட முந்தி வந்தன என்றது கருவி. முந்தியது எவ்வளவு? ஏறத்தாழ 60 நானோ வினாடி! ஐன்ஸ்டைனை வென்றோம் என்று ஆய்வாளர் ஆர்ப்பரிக்கவில்லை. பிழை இருந்தால் காட்டுங்கள் என்று உலகை அழைத்தனர். 2012இல் பிழை சிக்கியது. ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்படவில்லை! அதையும் அவர்களே அறிவித்தனர்.

ஒருவர் கருவியை நம்பித் தம் கருத்தை ஐயுற்றார்; மற்றவர்கள் தம் கருவியையே ஐயுற்றனர். இரண்டும் ஒரே அறம். கருவி நம் விருப்பத்திற்குத் தலையாட்டும் அடிமையன்று. வணங்கிக் கிடப்பதற்குரிய ஆண்டவனுமன்று. அது ஒரு சாட்சி. சாட்சியைக் கூண்டில் ஏற்று, குறுக்கே கேள். அது தேறினால், தீர்ப்பு உனக்கே எதிராயினும் ஏற்றுக்கொள்!

பிறர் நம்பிக்கையை நிறுக்கத் துணிந்த இளைஞனே, அதே தட்டில் உன் நம்பிக்கையையும் வைக்கத் துணிவாயா? துணிந்தால்தான் நீ பகுத்தறிவாளன்.