இறாலும் உளுவையும்: தேவை பற்றிச் சில குறிப்புகள்

தேவையிலிருந்து பிறந்த உறவு நட்பாகாது என்பது நம்மிடையே கேள்வியின்றி ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட கருத்து. இலக்கியக் கூட்டங்களில் யாரைப் பற்றியாவது 'காரியத்துக்காகப் பழகுகிறவர்' என்று சொல்லிவிட்டால் போதும், அவர் கதை அத்துடன் முடிந்தது. மேற்கொண்டு விசாரணை கிடையாது. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது, இதைத் தூக்கிப் பிடிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நண்பர்கள் சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஓர் இறால், ஒரு மீன்.

மீன், கோபி குடும்பத்தைச் சேர்ந்தது. மதுரைக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்துவது எளிது. கண்மாய் வற்றும்போது கெளுத்தியோடும் விராலோடும் அகப்படும் உளுவை, இந்தக் குடும்பத்தின் நன்னீர் உறுப்பினர். அதன் கடல் உறவினர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள், செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, பவளப் பாறைகளை ஒட்டிய மணல் தரையில் இறாலோடு ஒரே வளையில் குடியிருக்கின்றன. இறால், ஆல்ஃபியஸ் இனம். பிஸ்டல் இறால் என்று பெயர். சொடுக்கு இறால் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அதன் இரண்டு கொடுக்குகளில் ஒன்று உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பெரிதாக இருக்கும். அதைப் படீரென்று மூடும்போது நீர் பீறிட்டு, அதில் ஒரு குமிழி உண்டாகி நொறுங்குகிறது. சத்தம் கொடுக்கு மோதுவதால் வருவதல்ல, குமிழி நொறுங்குவதால் வருவது என்பது 2000இல்தான் தெரியவந்தது. எதிரில் இருக்கும் சின்னப் பிராணி அந்த அதிர்ச்சியில் மயங்கிவிழும். இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைத் தேடிய ஒலிக் கருவிகளுக்கு இந்த இறால்கள் கூட்டமாக எழுப்பும் இரைச்சல் இடைஞ்சலாக இருந்திருக்கிறது.

இவ்வளவு ஆயுதம் வைத்திருக்கிற பிராணிக்குப் பார்வை போதாது. அது தோண்டுவதோ சரிந்துகொண்டே இருக்கும் மணலில். நாள் முழுக்க மணலை வாரி வெளியே கொட்டியாக வேண்டும். வெளியே வரும்போது எதிரி வருவது அதற்குத் தெரியாது. மீனுக்கு நல்ல கண்; ஆனால் அப்படியொரு வளை தோண்ட வராது. எனவே மீன் வாசலில் இருந்து கவனிக்கிறது. இறால் வெளியே வரும் நேரமெல்லாம் தன் உணர்கொம்பு ஒன்றை மீனின் உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறது. மீன் வாலை லேசாக அசைத்தால் இறால் வேலையை நிறுத்தி உள்ளே திரும்பும். ஆபத்து கிட்டே வந்துவிட்டால் மீனே தலைகுப்புற வளைக்குள் பாயும். இரவில் இரண்டும் உள்ளே. காலையில் வாசலில் மீன் இல்லாவிட்டால் இறால் வெளியே வருவது அரிது.

1950களின் இறுதியிலிருந்து செங்கடலில் ஜெர்மானிய ஆய்வாளர்களும், பின்னர் இஸ்ரேலைச் சேர்ந்த இலான் கார்ப்ளஸும் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள்: வளைக்குள் மீன் இடும் எச்சம் இறாலுக்கு முக்கியமான உணவு. காவியத்துக்கு உதவாத தகவல்தான். ஆனால் விட்டுவிடக் கூடாத தகவல்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு நெருக்கமான ஒரு கதையை ஒழுக்கவாதிகள் கையாண்டிருக்கிறார்கள். பின்னா என்ற பெரிய சிப்பிக்குள் ஒரு சிறு நண்டு வாழ்கிறது. அது சிப்பிக்குக் காவலாள் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். சிசரோ கி.மு. 45இல் எழுதிய அறநூலில், பிறர்பொருட்டு வாழ்வது இயற்கையிலேயே இருக்கிறது என்பதற்கு இந்த நண்டைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். அடுத்த ஆண்டே நட்பைப் பற்றி ஒரு நூல் எழுதுகிறார். அதில், நட்பு தேவையிலிருந்து பிறப்பதல்ல, மனித இயல்பிலிருந்து பிறப்பது என்கிறார். தேவை காரணமென்றால் பலவீனர்கள்தான் நட்புக்கு மிகத் தகுதியானவர்களாக இருக்க வேண்டுமே என்பது அவர் வாதம். சிப்பியும் நண்டும் இந்த நூலுக்குள் நுழைய முடியாது. பிற்கால உயிரியல் அந்த நண்டினத்தைப் பற்றிக் கண்டது இன்னும் மோசம். அது காவல் எதுவும் காப்பதில்லை, சிப்பி திரட்டும் உணவை எடுத்துத் தின்று உள்ளே ஒண்டியிருக்கிறது. சிசரோ தேடிய சாட்சி வேறொரு கடலில், வேறொரு வளையில் இருந்தது. அது கிடைத்திருந்தால் அவருடைய இரண்டாவது நூல் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கலாம்.

நம் பக்கத்தில் விஷயம் இன்னும் தீவிரமானது. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் உறையூர்ச் சோழனைக் கண்ணால் கண்டதில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அவர் வருவார் என்று சொல்லி இடம் ஒதுக்கச் செய்கிறான். அவரும் வந்து அந்த இடத்தில் உயிர் விடுகிறார். நட்புக்குப் பழக்கம் அவசியமில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்று வள்ளுவர் சொல்லுமிடத்தில் பரிமேலழகர் இவர்களைத்தான் உதாரணம் காட்டுகிறார். இதன் மகத்துவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இதில் இருவருக்கும் மற்றவரிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவன் அரசன், இன்னொருவர் புலவர். இடையில் ஒரு நாட்டின் எல்லை. தொடாமல், பார்க்காமல், கேட்காமல் ஒரு நட்பு. இதை உச்சமாக வைத்துவிட்டபின், தொட்டுக்கொண்டே இருக்க வேண்டிய உறவுகளெல்லாம் தாமாகவே ஒரு படி கீழே போய்விடுகின்றன. கூச்சமின்றி உதவி கேட்க நமக்குத் தெரியாமல் போனதில் இந்த உச்சத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பார்வை என்றதும் நம் வட்டத்தில் உடனே சார்த்தர் வருவார். 1943இல் அவர் எழுதியதில், சாவித் துவாரத்தின் வழியே எட்டிப் பார்க்கிறவன் பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் தான் பார்க்கப்படுகிறவனாகிவிட்டதை உணர்ந்து கூசுகிறான். பிறரின் பார்வை என்னைப் பொருளாக்குகிறது என்பது அதன் சாரம். வளை வாசலில் இருக்கும் மீனும் ஓயாமல் பார்க்கிறது. ஆனால் அது இறாலைப் பார்க்கவில்லை. இறாலுக்காக வெளியே பார்க்கிறது. இறாலோ எதையும் பார்க்கவில்லை. தன் பார்வையின் வேலையை இன்னோர் உடம்பிடம் ஒப்படைத்துவிட்டு மணல் வாருகிறது. ஒருவர் எனக்காகப் பார்க்கும் பார்வை என்னை என்ன செய்கிறது என்பதற்கு, வெட்கத்தை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த அந்தப் பக்கங்களில் விடை இல்லை.

இது வெறும் இயல்பூக்கம், இதில் நம்பிக்கை எங்கே வந்தது என்று கேட்கலாம். இறாலுக்கு மனம் உண்டென்று நான் வாதிடவில்லை. நம்பிக்கை என்ற நம் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் என் கேள்வி. அதை ஓர் உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது ஒரு நிலையாகப் படுகிறது: முதுகை உலகுக்குக் காட்டிக்கொண்டு வேலை செய்கிற நிலை. நான் வேலை செய்யும் வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று காசாளரிடம், ஒன்று அதிகாரியிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். பிறர் பணம் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதன் விளைவு விசித்திரமானது. இருபது வருடம் தினமும் சேர்ந்து பெட்டகம் திறந்த இருவர், ஒருவரை ஒருவர் நம்பவேண்டிய அவசியம் ஒருநாளும் வராமலேயே ஓய்வு பெற்றுப் போகிறார்கள். இதுவும் ஒத்துழைப்புதான். இருவர் சேரும் இடத்திலெல்லாம் நாம் இரண்டாவது சாவியைத் தேடுவது இந்தப் பழக்கத்தினால்தான்.

கோரிப்பாளையத்தில் ஒரு நண்பர் வீட்டில் இந்த ஜோடியை மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் பார்த்தேன். சென்னையிலிருந்து வரவழைத்தது. சுத்திகரித்த நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று பார்த்து ஊற்றுகிறார். சித்திரை வெயிலில் நீர் சூடேறிவிடாமல் குளிர்விக்கும் கருவி, மின்சாரம் போனால் இன்வெர்ட்டர். கற்களை மணல்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியிலேயே ஊன்றியிருக்கிறார். இறால் அடியில் தோண்டினால் சரிந்து அதை நசுக்கிவிடும். மீன் துள்ளி வெளியே விழாமல் மேலே வலை. தொட்டியின் இரு மூலைகளில் விட்டவை சில நாட்களில் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன என்றார். அங்கே எதிரி என்று எதுவும் இல்லை. ஆனாலும் மீன் வாசலில் இருந்தது, இறால் கொம்பை எடுக்கவில்லை. கூட வந்தவர் "வேஸ்ட் டியூட்டி" என்று சிரித்தார். நாங்கள் கிட்டே போய்க் குனிந்தோம். மீனின் வால் அசைந்தது, இறாலைக் காணோம். அந்தத் தொட்டியில் அபாயம் என்று ஏதாவது இருந்தால் அது நாங்கள்தான்.

வளர்ப்பவன் நிலைமை எளிதானதல்ல என்று அப்போது பட்டது. காவலுக்கு இருந்த காரணத்தை அவன் எடுத்துவிட்டான். எடுத்த கணத்திலேயே காவல் அவன் பொறுப்பாகிவிடுகிறது: உப்பு, வெப்பம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் அவனே ஜாமீன். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி (1872) ஜாமீன் நிற்பவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. 'நான் கையெழுத்துதான் போட்டேன்' என்பது செல்லாது. ஜோடியில் ஒன்றைப் பிடித்து விற்றுவிட்டு, மற்றது எப்படியோ பிழைத்துக்கொள்ளும் என்பதும் அப்படிச் செல்லாத ஒரு வாதம். துணையில்லாத இறால் செத்துவிடாது. வளைக்குள்ளேயே கிடக்கும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே இருப்பவனுக்கு அது இருப்பதே மறந்துபோகலாம்.

கடலிலும் இந்தக் கதைதான். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளப் பாறைகளை சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தோம். 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாயிற்று, 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதனால் நண்பரின் தொட்டியில் பவளம் கிடையாது, மணலும் கல்லும்தான். இந்த ஜோடிக்கு அது போதும் என்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு காவல் நிற்கிறவர்கள் என்ற முறையில் நம் காவலை மிகவும் புகழ்ந்துகொள்ள முடியாது.

இந்த மாதிரி ஒரு பத்திரிகை வெளிவர, எழுதுகிறவனைத் தவிர இன்னொருவர் தேவை. மெய்ப்புப் பார்ப்பவர், அச்சகத்துக்கு நடப்பவர், சந்தா தீர்ந்ததும் கைப்பணம் போடுபவர். எழுதுகிறவன் தலையை மணலுக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். அவரோடு நமக்குள்ள உறவை நட்பென்று சொல்ல நாக்கு கூசுகிறது, ஏனென்றால் அதில் காரியம் இருக்கிறது. பார்த்திராத வெளியூர் எழுத்தாளரோடு கடிதத்தில் வளர்ந்ததையே நட்பு என்கிறோம். காரியம் இருக்கிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டுப்பார்க்கலாம். அவர் ஒருநாள் வாசலில் இல்லாமல் போனால், அது நமக்கு எத்தனை நாளில் தெரியவரும்?