முகக்கவசமும் கடமையுணர்வும்

தொற்றுநோய் பற்றிய அறிவு ஒருவரிடத்து உண்டு என எப்பொழுது கூறலாம்? தாதியராகவும் மருத்துவமாதராகவும் மருத்துவராகவும் பயிற்சி பெறுவோரிடம் இவ்வினாவை எழுப்பின், காசநோய்க் கிருமியை ரொபேர்ட் கொக் 1882 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தமை முதலாக, அக்கிருமி இருமலின் வழியே காற்றிற் பரவும் முறை ஈறாகப் பிழையின்றி எடுத்துரைப்பர். வினாத்தாளுக்கு இது போதும். ஆயின், அறிந்தவர் அறிந்தவாறு ஒழுகுகின்றனரா என்பது வேறு வினா. அஃது அறவியலின்பாற்பட்டது.

1910-11 ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் நுரையீரற் கொள்ளைநோய் ஏறக்குறைய 60,000 உயிர்களைக் கொண்டது. பினாங்கிலே பிறந்த மருத்துவர் வூ லியன்-டே, அந்நோய் மூச்சின் வழியே தொற்றுவதென உணர்ந்து, பஞ்சும் வலைத்துணியும் கொண்ட கவசத்தை வற்புறுத்தினார். மெனி என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதனை ஏற்றிலர். கவசமின்றியே நோயாளரைப் பார்வையிட்டுச் சில நாள்களுள் அந்நோயினாலேயே மாண்டார். மெனி கல்லாதவர் அல்லர். மருத்துவம் கற்பித்த பேராசிரியர். குறைவுபட்டது அறிவன்று, பிறர் கூற்றுக்குச் செவிசாய்க்கும் மனம்.

எனினும் மெனியின் செருக்குக்கு முதற்பலி அவரே. இதனினும் பாரதூரமானது வியன்னா மருத்துவமனையின் வரலாறு. 1846 இல் மாணவர் பயின்ற மகப்பேற்றுப் பிரிவில் தாய்மாருள் 11 வீதத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவமாதர் பயின்ற பிரிவிலோ இறப்பு 3 வீதத்தை எட்டவில்லை. பிணவறையிலிருந்து வந்த மாணவரின் கைகளே நோயைச் சுமந்தன என்பதைச் செம்மல்வைஸ் 1847 இற் கண்டார். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவனையும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாக எண்ணினார். அவ்வாறு அருகிருப்பவனே நோய்க்கு வாயிலாகவும் ஆகலாம் என்பதை வியன்னா காட்டியது. அம்மாணவர் அறியாது செய்தனர். இன்று பயில்பவருக்கு அவ்விலக்கு இல்லை.

முகக்கவசமும் இவ்வெண்ணத்தின் வழிவந்ததே. 1897 இல் மிக்குலிச் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் வாயை மூடிக்கொண்டது தம்மைக் காப்பதற்கன்று. தம் வாய்த்துளிகள் நோயாளியின் புண்ணில் விழாதிருத்தற்பொருட்டே. சாதாரணக் கவசம் இன்றும் அணிந்தவரின் துளிகளைத் தடுப்பதிலேயே வல்லது. காற்றில் மிதக்கும் காசநோய்க் கிருமியை உள்ளிழுக்காதிருக்க என்95 போன்ற வேறுவகைக் கவசம் வேண்டும்.

இதனை மனத்திற்கொண்டு கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவை நோக்குவோம். இறப்பரும் தேயிலையும் சூழ்ந்த அப்பகுதித் தோட்டங்களுக்குப் பயிலுநர் ஒருவர் செல்கின்றார் எனக் கொள்வோம். இருமும் பால்வெட்டுத் தொழிலாளியின் முன் அவர் கவசத்தை இறுக்கிக்கொள்கின்றார். அடுத்த காம்பிராவில், கைக்குழந்தையுடன் இருக்கும் தாயின் முன் அதனைத் தாடைக்குக் கீழே இறக்கிவிடுகின்றார். நோய் தொழிலாளியிடமிருந்து தமக்கு வரும் என்றறிந்தவர், தம்மிடமிருந்து அக்குழந்தைக்குச் செல்லலாம் என்பதை அறிந்திலர். இத்தகைய அறிவு பாதியறிவே என்பது எனது கருத்து.

தோட்டங்களில் இப்பாதியறிவு பழைய காயமொன்றைத் தீண்டுவதும் உண்டு. 2020 ஒக்டோபரில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கிய ஒழுங்குவிதிகள், 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழேயே பிறப்பிக்கப்பட்டன (மிக்குலிச்சின் கவசமும் அச்சட்டமும் ஓராண்டுக்குரியவை!). அத்தகைய சட்டங்களின் காலத்திலேதான் இத்தொழிலாளரின் முன்னோர் மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பின்னர் கப்பலேற்றப்பட்டனர். நோயைச் சுமப்போராகவே நோக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் முன், காரணம் கூறாது அணியப்படும் கவசம் என்ன பொருள்படும்?

அங்ஙனமாயின் கவசத்தை விலக்கிவிடலாமே என வாதிப்போர் உளர். அவ்வாதம் முற்றும் வெறுமையானதன்று. பயிலுநர் சிங்களம் பேசுபவராகவும் நோயாளி தமிழ் மட்டுமே அறிந்தவராகவும் இருக்குமிடத்து, முகமே பாதிமொழி. அதனை மறைத்தல் பேச்சையும் மறைப்பதாகும். ஆயினும் மரியாதையின் பெயரால் நோயைக் கொடுத்துவிட்டுச் செல்வது மரியாதையாகுமா? மறுபுறத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயக்காம்பிராவில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்கும்போது, "விலகியிருங்கள்" என்று கூறிவிட்டு வெளியேறுவதும் கடமை நிறைவேறியதாகாது. எங்கே விலகுவது? அடைத்துக்கிடக்கும் சன்னலைத் திறக்கச் செய்வதும், குறைந்தது ஆறு மாதங்கள் நீளும் காசநோய்ச் சிகிச்சை இடையில் நின்றுவிடாது பார்ப்பதும் அக்கடமைக்குள் அடங்கும்.

காம்பிராவின் வாசலுக்கு வெளியே, திறந்த வெளியில், சற்றுத் தள்ளி நின்று, பயிலுநர் தம் முகத்தைக் காட்டித் தம் பெயரைச் சொல்லலாம். "என் மூச்சினால் உங்கள் பிள்ளைக்குத் தீங்கு வரக்கூடாது, அதற்காகத்தான் இதைப் போடுகிறேன் அம்மா" என்று அத்தாயின் மொழியிலே கூறிவிட்டு, கவசத்தை அணிந்துகொண்டு உள்ளே செல்லலாம். அவ்வொரு வாக்கியத்தைத் தமிழிற் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும்.