புகையிலைக்கு நோன்பு திறப்பதா?



ரமளான் மாதத்தில் மஃரிப் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு, ஒரு மிடறு தண்ணீர் அருந்தி, நோன்புக் கஞ்சியைக் குடித்து, அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தித் தொழுகைக்கு நிற்கிறோம். தொழுகை முடிந்ததுதான் தாமதம், ஒரு சிலர் விரைந்து வெளியேறுகிறார்கள். பள்ளிவாசல் மதிலோரத்தில் தீக்குச்சி உரசும் ஓசை கேட்கிறது. வேறு சிலருக்குத் தொழுகை முடியும் வரைகூடப் பொறுமை இருப்பதில்லை. பகலெல்லாம் அவர்கள் காத்திருந்தது கஞ்சிக்கன்று, பீடிக்கே என்று எண்ணத் தோன்றுகிறது.

அச்சகோதரர்களை இழித்துரைக்க நாம் இதை எழுதவில்லை. அவர்களிடம் மறைந்திருக்கும் ஒரு பெரும் வலிமையை அவர்களுக்கே எடுத்துக் காட்டத்தான் எழுதுகிறோம். ஷஅபான் மாதத்தில் மணிக்கு ஒன்று இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்றவர் யார்? ரமளானில் ஸஹர் முதல் மஃரிப் வரை ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் அதைத் தொடாமல் இருந்தவர் யார்? இருவரும் ஒருவரே அன்றோ! "என்னால் விட முடியாது" என்ற அவருடைய சொல்லை அவருடைய நோன்பே ஒவ்வொரு நாளும் பொய்யாக்கிக் கொண்டிருக்கிறது.

நஞ்சின் வேலை

புகையிலையில் மனிதனைக் கட்டிப்போடும் பொருளுக்கு நிகோட்டின் என்று பெயர். 1560-ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டில் பிரெஞ்சுத் தூதராக இருந்து, புகையிலையைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பி வைத்த ழான் நிகோ என்பவரின் பெயரிலிருந்து பிறந்த பெயர் இது. 1828-இல் ஜெர்மானிய அறிஞர் இருவர் அதைப் புகையிலையிலிருந்து பிரித்தெடுத்தனர். பூச்சிகள் தன்னைத் தின்னாதிருக்கச் செடி தனக்குள் உண்டாக்கிக் கொள்ளும் நஞ்சு அது. பயிர்களுக்குப் பூச்சிமருந்தாகவும் அதை மனிதர் தெளித்திருக்கின்றனர்.

புகையை இழுத்த பத்து இருபது வினாடிகளுக்குள் இந்த நஞ்சு நுரையீரலைக் கடந்து மூளையை எட்டிவிடுகிறது. மகிழ்ச்சி உணர்வோடு தொடர்புடைய டோப்பமின் என்னும் பொருளை அங்கே சுரக்கச் செய்கிறது. நாள்தோறும் இப்படி நடக்க நடக்க, மூளையில் நிகோட்டினை ஏற்கும் வாயில்கள் பெருகுகின்றன. பெருகிய வாயில்கள் சும்மா இருக்குமா? "கொண்டு வா, கொண்டு வா" என்று கேட்கத் தொடங்குகின்றன. இரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, கவனச் சிதறல். மீண்டும் ஒன்று பற்ற வைத்தால் அமைதி.

இந்த அமைதியைத்தான் நம்மவர்கள் இன்பம் என்கிறார்கள். "பீடி பிடித்தால் மனம் தெளிகிறது" என்கிறார்கள். அந்த மனத்தைக் கலக்கியது எது? முன்பு பிடித்த பீடிதான்! கடன் கொடுத்தவனே வாசலில் நின்று மிரட்டுகிறான். வட்டியைக் கொடுத்ததும் போய்விடுகிறான். அவன் போனதை விடுதலை என்று கொண்டாடலாமா? முதல் அப்படியே நிற்கிறதே! வட்டியை வெறுக்கும் சமுதாயம் இந்த வட்டியை மட்டும் மகிழ்ச்சியோடு கட்டி வருகிறது.

உடல் ஓர் அமானிதம்

நிகோட்டின் நாடித்துடிப்பை விரைவாக்குகிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அதனோடு சேர்ந்து வரும் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் புற்றுநோயை உண்டாக்குபவை மட்டும் ஏறத்தாழ எழுபது. பீடி சிறியதுதானே என்று எண்ணிவிட வேண்டாம். அணைந்து விடாதிருக்க அதை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் சிகரெட்டுக்குக் குறையாத நிகோட்டின் அதிலிருந்து உடலில் சேர்கிறது. இரத்தக் குழாய் அடைபட்டு விரல்கள் கறுத்து, இறுதியில் கால் எடுக்கப்பட்டவர்களை நம் நாட்டு மருத்துவமனைகளில் காணலாம். புகையிலையை மெல்லுபவரை வாய்ப்புற்று தேடி வருகிறது.

தம் கரங்களாலேயே தம்மை அழிவில் தள்ளிக் கொள்ள வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 195-ஆம் வசனம் நம்மை எச்சரிக்கவில்லையா? வீண்விரயம் செய்வோரை ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று திருமறை கண்டிக்கவில்லையா? நாளொன்றுக்கு இருபது ரூபாயைப் புகையாக்கினால் ஆண்டுக்கு 7,300 ரூபாய். பிள்ளையின் படிப்புச் செலவைக் கேட்டால் கைவிரிக்கும் தந்தை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டா? வாழ்நாளை எவ்வாறு கழித்தாய், பொருளை எவ்வழியில் ஈட்டி எதில் செலவிட்டாய், உடலை எதில் தேய்த்தாய் என்றெல்லாம் மறுமையில் கேட்கப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அங்கே என்ன விடை சொல்வது?

வீட்டார் என்ன குற்றம் செய்தனர்?

புகைப்பவர் தாம் மட்டும் அழிவதில்லை. கூடத்தில் அமர்ந்து அவர் விடும் புகையைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் சுவாசிக்கிறது. கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் கலந்த நிகோட்டின் தொப்புள்கொடி வழியே சிசுவையும் சென்றடைகிறது. உலகில் ஆண்டுதோறும் புகையிலையால் மடிவோர் எழுபது இலட்சத்துக்கும் மேல். அவர்களில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் தாம் புகைக்காமலே பிறர் விட்ட புகையால் மடிந்தவர்கள். பச்சை வெங்காயமும் பூண்டும் தின்ற வாயோடு பள்ளிக்கு வந்து பிறருக்குத் தொல்லை தர வேண்டாம் என்று தடுத்த மார்க்கம் நம்முடையது. வாடைக்கே இவ்வளவு கவனம் என்றால் நோய்க்கு எவ்வளவு வேண்டும்!

மேலப்பாளையத்திலும் வேலூர் வட்டாரத்திலும் வாசற்படியில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் நம் சகோதரிகளையும் மறந்துவிடக் கூடாது. ஒரு பீடியும் பிடிக்காத அவர்களின் விரல்வழியே நிகோட்டின் ஊறுகிறது. தூள் மூச்சில் ஏறுகிறது. வயிற்றுப் பிழைப்புக்காக உழைக்கும் அவர்களைப் பழிப்பது எளிது. அவர்களுக்கு வேறொரு கைத்தொழிலைத் தேடித் தருவது ஜமாஅத்தார் மீதும் செல்வர் மீதும் உள்ள கடமை. ஜகாத் பணத்தில் ஒரு தையல் இயந்திரம் ஒரு வீட்டின் காற்றையே மாற்றிவிடும் அல்லவா?

வாளால் முடியாதது

புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதைப் பற்றி உலமாக்கள் ஒரே கருத்தில் இருக்கவில்லை. ஆகுமானது என்றாரும் உண்டு, மக்ரூஹ் என்றாரும் உண்டு, ஹராம் என்றாரும் உண்டு. அதன் தீங்கு மருத்துவ ஆய்வால் ஐயமின்றித் தெளிந்த பின்னர், ஹராம் என்று தீர்ப்புக் கூறும் அறிஞர்கள் பெருகிவிட்டனர். புகைத்தால் நோன்பு முறியும் என்பதோ நம்மிடையே அனைவரும் அறிந்த சட்டம்.

1633-ஆம் ஆண்டில் உதுமானிய சுல்தான் நான்காம் முராத் புகையிலையைத் தடுத்து, மீறியவர்களுக்கு மரண தண்டனையும் விதித்தார். ஆனாலும் புகை ஒழியவில்லை, தடையும் நிலைக்கவில்லை. சுல்தானின் வாளால் முடியாததை ஃபஜ்ரு பாங்கின் ஓசை ஒவ்வொரு ரமளான் காலையிலும் செய்து காட்டுகிறது! காவலர் எவரும் இல்லை. பூட்டிய அறைக்குள் பார்ப்பார் யாருமில்லை. எனினும் நோன்பாளியின் கை பீடிக் கட்டை நாடுவதில்லை. அல்லாஹ் பார்க்கிறான் என்ற ஈமானே அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த ஈமான் மஃரிபோடு அஸ்தமித்து விடுமா என்ன?

இனி என்ன செய்வது?

மஃரிப் நேரத்தில் உடலிலுள்ள நிகோட்டின் பெரும்பாலும் வடிந்து போயிருக்கும். பாதி வேலை முடிந்த அந்த நேரத்தில் மீண்டும் ஒன்றைப் பற்ற வைப்பவர், பகலெல்லாம் கட்டிய சுவரை இரவில் தம் கையாலேயே இடிக்கிறார். ஆகவே நோன்பு திறந்த பின் உள்ள முதல் அரை மணி நேரத்தைக் காத்துக் கொள்ளுங்கள். பெட்டிக்கடைப் பக்கம் போகாமல் பள்ளியிலேயே இருந்து குர்ஆன் ஓதுங்கள். வேட்கை எழுந்தால் தண்ணீர் அருந்துங்கள். சில நிமிடங்களில் அது தணியும். தராவீஹுக்கு முன் மிஸ்வாக் செய்யுங்கள். விட்ட முதல் இரண்டு மூன்று நாட்களே மிகக் கடினம். அதன்பின் வேதனை படிப்படியாகக் குறைந்து, சில வாரங்களில் பெரும்பாலும் நீங்கிவிடும். ரமளானுக்கோ முப்பது நாட்கள்! ஓராண்டு விட்டிருந்தால், புகைப்பதனால் இதயத்துக்கு ஏற்பட்டிருந்த கூடுதல் ஆபத்து பாதியாகிறது. தனியே முடியவில்லையெனில் மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை. 1800-112-356 என்ற அரசின் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு ஒரு சொல். அந்த முதல் நாட்களில் அவர் சினந்தால், அது நஞ்சு வெளியேறும் வலி என்று பொறுத்துக் கொள்ளுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு சொல். மின்சிகரெட்டில் கரியும் சாம்பலும் இல்லையென்று ஏமாறாதீர்கள். அதிலும் கட்டிப்போடுவது அதே நிகோட்டின்தான். இந்திய அரசு 2019-இலேயே அதைத் தடை செய்துவிட்டது. வளரும் மூளையை இந்நஞ்சு எளிதில் பற்றிக்கொள்ளும்.

அல்லாஹ்வின் அடிமை என்று ஐவேளையும் தலைசாய்க்கும் நாம், ஒரு சருகுக்கும் அடிமையாக இருப்பது தகுமா? நம் நெஞ்சையும் நம் இல்லங்களையும் இந்தப் புகையிலிருந்து அல்லாஹ் காப்பானாக! விட எண்ணியவர்களுக்கு உறுதியைத் தருவானாக! ஆமீன்.