மலையில் ஓர் அழைப்பின் செலவு

கொல்லிமலையின் 14 நாடுகளில் பைல் நாடும் ஒன்று. அங்கே பிரஷரும் சுகரும் உள்ள ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செம்மேட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தாலே அன்றைய பிழைப்பு போய்விடும். பெரிய டாக்டரைப் பார்க்க நாமக்கல் போகச் சொன்னால், காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். துணைக்குப் போகும் மகளுக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது. அரசு டாக்டர் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் காசு செலவழித்துத்தான் வைத்தியம் பார்க்கிறது.

அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மலைக்குப் பெரிய காரியம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். 2020 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட, காணொளி அழைப்பில் டாக்டரிடம் ஆலோசனை கேட்கும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனியும் கூடச் சேர்ந்தால், டாக்டரின் முகமும் திண்ணைக்கு வந்துவிடும். அதற்கும் கட்டணம் இல்லை.

ஆனால் அந்த அழைப்பு நடக்க யாரோ உழைக்கிறார்கள். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், நேரில் பார்ப்பதற்குரிய கட்டணத்தை டாக்டர் தொலைபேசி வழியாகப் பார்க்கும்போதும் வாங்கலாம், ரசீது தர வேண்டும் என்கின்றன. டாக்டரின் பக்கத்துக்கு இப்படிக் கணக்கு இருக்கிறது. பாட்டியின் பக்கத்தில் இருப்பவர் அந்தத் தன்னார்வலர். மேடேறி நடந்து வந்தவர், சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடுகிறவர், டாக்டர் சொன்னதைக் காது மந்தமானவருக்குத் திரும்பச் சத்தமாகச் சொல்கிறவர், பழைய மாத்திரையும் புது மாத்திரையும் கலந்துவிடாமல் பிரித்து வைக்கிறவர். மாத ஊக்கத்தொகை தவிர இந்த வேலைக்கென்று தனியாக ஒரு வரி எந்த ரசீதிலும் இல்லை.

அமெரிக்காவிலும் இதே இடத்தில்தான் ஓட்டை. அங்கே முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில், நோயாளி ஒரு கிராமப்புற மருத்துவ நிலையத்தில் உட்கார்ந்து தொலைவிலுள்ள டாக்டரிடம் பேசினால், அந்த நிலையத்துக்கென்று தனியாக ஒரு சிறு தொகை உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக விதியைத் தளர்த்தி, வீட்டில் இருந்தபடியே பேசலாம் என்றார்கள். வீட்டுக்கு அந்தத் தொகை கிடையாது. படுக்கையருகே நிற்கும் மனைவியும் மகளும் எந்தப் பில்லிலும் வரவில்லை.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தின் நிலை. நமது நெறிமுறைகளின்படி, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மார்ஃபின் போன்ற மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாது. தவறாகப் பயன்படும் என்ற அச்சம் நியாயமானதே. அந்தத் தடையை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புற்றுநோய் முற்றிப் படுத்துவிட்ட ஒருவருக்கு வலி தாங்க முடியாத இரவில் திரையில் தெரியும் டாக்டரால் ஆவது ஒன்றுமில்லை. வட்டாரத்தின் நோய் ஆதரவுச் செவிலியர் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுவார். மருந்துச் சீட்டு எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வீட்டுப் பாயில் கிடப்பவருக்கு அதனால் என்ன பயன்?

ஆக, போனில் பேசி மிச்சமாகும் பணமும் நேரமும் மலைக்கே திரும்பி வர வேண்டும். வழக்கமான பிரஷர் மாத்திரைக்கு அழைப்பு போதும்; அதனால் விடுபடும் டாக்டர், வலியோடு கிடப்பவரின் வீட்டுக்கு நேரில் ஏற வேண்டும். அந்த ஜீப்புக்கான டீசலும், டாக்டர் மலையில் செலவிடும் நாளும், தன்னார்வலர் திண்ணையில் செலவிடும் அரைமணி நேரமும் தொலைமருத்துவத்தின் செலவாகவே கணக்கில் எழுதப்பட வேண்டும். இப்போது மாவட்ட அறிக்கைகளுக்கு எத்தனை அழைப்புகள் என்ற எண்ணிக்கையே எளிதில் கிடைக்கிறது. அந்த மாதம் எத்தனை வீடுகளுக்கு டாக்டர் நேரில் போனார், எத்தனை பேருக்கு வலி மருந்து கையில் கிடைத்தது என்பதற்கும் அதே தாளில் இரண்டு கட்டங்கள் ஒதுக்கலாம்.