யோபின் நண்பர்களும் வானிலை அறிக்கையும்

ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, கனடாவிலிருந்து தெற்கு நோக்கி விரிந்து கிடக்கும் புல்வெளிப் பிரதேசத்தில், இலையுதிர்காலம் என்பது வடதுருவத்துக் குளிர்காற்றும் மெக்ஸிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் தடுப்பாரின்றி மோதிக்கொள்ளும் பருவமாதலால், சனி ஞாயிறுகளில் பலத்த காற்றும் புயலும் வருமென்று வானிலை நிலையத்தார் அறிவிப்பது அங்கே அதிசயமன்று. அதைக் கேட்டு ஜன்னல்களைச் சாத்துகிறவர்கள் அநேகர். ஆயினும் அந்தச் சாதாரண அறிக்கையில், முன்னரே தெரிந்துவிட்ட துன்பத்துக்குப் பொறுப்பாளி யார், ஆண்டவனா மனிதனா என்ற பழைய கேள்வி புதிய உடையில் வந்து நிற்கிறது.

2013-ஆம் ஆண்டு அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. மிருகங்களின் காவலராகக் கிறிஸ்தவர்கள் போற்றும் அசிசி நகரத்துப் பிரான்சிஸின் திருநாள் அது. பஞ்சாங்கத்துக்கும் சில வேளைகளில் இரக்கமில்லை. அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் முதலில் குளிர்ந்த மழை பெய்து மாடுகளைத் தோல்வரை நனைத்தது. பிறகு மணிக்கு 70 மைல் வரை சீறிய காற்றோடு ஈரப்பனி கொட்டத் தொடங்கி, சனிக்கிழமைக்குள் ராப்பிட் சிட்டியில் ஏறத்தாழ 2 அடியும், மலைமேலுள்ள லீட் என்ற ஊரில் 55 அங்குலமும் குவிந்தது. குளிர்கால ரோமம் இன்னும் அடர்ந்திராத பசுக்களும் கன்றுகளும், மறைவான நிலங்களுக்கு ஓட்டிவரப்படும் காலம் வராமையால் திறந்த கோடை மேய்ச்சலிலேயே நின்றிருந்தவை, காற்றுக்கு முதுகைக் கொடுத்து அது தள்ளிய திசையிலேயே மைல்கணக்காக நடந்து, ஓடைகளிலும் பள்ளங்களிலும் வேலியோரங்களிலும் குவியல் குவியலாக மடிந்தன. மாண்டவை பல்லாயிரம். கன்றுகளை விற்று ஓராண்டு ஜீவனத்தை நடத்தவேண்டிய குடும்பங்களுக்கு நஷ்டஈடு தரும் சட்டமோ முன்பே காலாவதியாகியிருந்தது. வரவுசெலவுச் சண்டையால் வாஷிங்டனில் அரசாங்க அலுவலகங்களும் அந்த வாரம் மூடிக்கிடந்தன.

பனி உருகி உடல்கள் வெளிப்பட்டபோது, புயல் வருமென்று சொல்லியிருந்தார்களே, மாடுகளை ஏன் கொட்டிலில் அடைக்கவில்லை என்ற கேள்வியும் வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கான மாடுகளை அடைக்கும் கொட்டில் அந்தப் பிரதேசத்து வழக்கில் இல்லை என்பதும், அறிவித்த பனியைவிட விழுந்த பனி மிக அதிகம் என்பதும் கேட்டவர்கள் பலருக்குத் தெரியாது.

பைபிளில் வரும் யோபுவும் மந்தைக்காரன்தான். 7000 ஆடு, 3000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை என்று அவனுடைய செல்வத்தை வேதம் கணக்கிடுகிறது. அவை போன அன்றே வனாந்தரத்திலிருந்து வந்த பெருங்காற்று வீட்டைத் தாக்கி அவன் பிள்ளைகளைக் கொன்றது. ஆறுதல் கூற வந்த நண்பர்கள் அவனோடு ஏழு நாள் மௌனமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நற்காரியம் அது ஒன்றே. பிறகு வாயைத் திறந்தார்கள்: நீ பாவம் செய்திராவிட்டால் இது நேர்ந்திராது என்றார்கள். துன்புற்றவன் குற்றவாளியாக இருந்தால்தான் குற்றமற்ற நான் க்ஷேமமாக இருக்க முடியும் என்ற அச்சமே அந்நண்பர்களில் ஒருவனான எலிப்பாஸின் தர்க்கத்துக்கு வேர் என்று நான் நினைக்கிறேன். வானிலை சாஸ்திரம் வளர்ந்த பின்னர் அந்த அச்சம் நீங்கவில்லை, பாவம் என்ற இடத்தில் அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டது.

முன்னறிவிப்பு வீண் என்று இதனால் ஏற்படாது. 1940 நவம்பர் 11-ஆம் தேதி, மினசோட்டாவில் இதமாக விடிந்த காலையை நம்பி மிஸிஸிப்பி நதியில் வாத்து வேட்டைக்குச் சென்றவர்கள் போதிய எச்சரிக்கையின்றிப் பனிப்புயலில் சிக்கி மாண்டார்கள். அறிவு அவர்களைக் காத்திருக்கும், அறிந்தவனுக்குக் கடமையும் உண்டு. ஆனால் அக்கடமை புயலுக்கு முன்பு, அறிக்கையைக் கேட்டவனுடைய நெஞ்சில் பிறப்பது; புயலுக்குப் பின்பு, தூரத்தில் இருப்பவன் கையில் கோலாக மாறும்போது அதற்கு தர்மம் என்ற பெயர் பொருந்தாது. தவிரவும், 1963-இல் வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரென்ஸ் காட்டியபடி, வாயுமண்டலத்தை ஆளும் நியதி திட்டமானதாகவே இருந்தாலும், தொடக்கத்திலுள்ள அற்ப வேறுபாடு பெருகிப் பெருகி நெடுநாளைய முன்னறிவை அழித்துவிடக்கூடும். எல்லாம் நியதிப்படி நடந்தும் எதுவும் முழுமையாக நம் அறிவுக்குள் அடங்காது என்ற இந்நிலை, ஊழையும் முயற்சியையும் பற்றித் தலைமுறை தலைமுறையாக வாதித்து வந்த நமக்குப் புதிதன்று. மழைக்கு இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று அடக்கத்தோடு கூறுகிற வானிலையாளரிடம் உள்ள நிதானம், அவருடைய அறிக்கையை மறுநாள் சாட்சிக்கு இழுக்கிறவர்களிடம் இருப்பதில்லை. நம்மவர்களும் இதில் சளைத்தவர்களல்லர்: தன் துன்பத்தைத் தான் பொறுத்துக்கொள்ள ஏற்பட்ட வினைக்கொள்கையை, அடுத்த வீட்டு இழவுக்குக் காரணம் கூறப் பயன்படுத்துவோர் நம்மிடையே எத்தனை பேர்!

யோபுக்கு இறுதியில் ஆண்டவன் பெருங்காற்றிலிருந்தே பேசுகிறான். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. பனியின் பண்டசாலைகளை நீ பார்த்திருக்கிறாயா என்பது போன்ற வினாக்களையே அடுக்குகிறான். கோபமெல்லாம், தனக்காக வாதாடியதாக எண்ணிக்கொண்டிருந்த நண்பர்கள் மீதுதான்: ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டு யோபுவிடம் சென்று பலியிடுங்கள், அவன் உங்களுக்காகப் பிரார்த்திப்பான் என்கிறான். அதன் பின்பு யோபுவின் சகோதரரும் சகோதரிகளும் அறிமுகமானவர்களும் வந்து, அவன் வீட்டில் உண்டு, ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசும் ஒரு பொன் அணியும் கொடுத்தார்கள். தென் டகோட்டாவுக்கும் மொன்டானாவிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மாட்டுப்பண்ணைக்காரர்கள், தங்கள் மந்தைகளிலிருந்து பிரித்த சினைக் கிடேரிகளை லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள்.