வார்த்தை எப்போது ‘அவர்’ ஆகிறது?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தமிழ் வழிபாட்டில் யோவான் நற்செய்தியின் தொடக்கம் வாசிக்கப்படும்போது காதைத் தீட்டிக் கேட்டால் ஒன்று புலப்படும். ஹென்றி பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் வார்த்தை முதல் வசனத்தில் ‘இருந்தது’. இரண்டாம் வசனத்தில் ‘இருந்தார்’. கத்தோலிக்கர் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்திலும் அஃறிணையான ‘வாக்கு’ இரண்டாம் வசனத்திலேயே ‘அவர்’ ஆகிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் ‘லோகோஸ்’ என்ற சொல் தொடக்கம் முதலே ஆண்பால். அப்படியானால் கடவுளைத் தமிழ் ஒரு வசன நேரம் அஃறிணையாக்கிவிட்டதா?

இல்லை. கிரேக்கத்தில் பால் என்பது சொல்லின் குணம், பொருளின் குணமன்று. கணக்கையும் காரணத்தையும் குறிக்கும்போதுகூட லோகோஸ் ஆண்பால்தான். ஞானமாகிய ‘சோஃபியா’ பெண்பால். ஆவியாகிய ‘நியூமா’ இரண்டிலும் சேராது. இரண்டாம் வசனத்தின் ஆண்பால் சுட்டுப்பெயர் லோகோஸோடு இசைந்து வருகிறது, அவ்வளவே. இலத்தீனில் ‘வெர்பும்’ ஆண்பாலன்று என்பதால், விவிலியத்தை இலத்தீனில் தந்த ஜெரோம் அங்கே ‘இது’ என்றே எழுதினார். கிறிஸ்துவை அவர் மறுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. தமிழ்த் திணையோ பொருளைப் பார்த்து அமைவது. மக்களைத் தொல்காப்பியம் உயர்திணை என்றது. தேவரையும் நரகரையும் நன்னூல் அதில் சேர்த்தது. ஆகவே வினைமுற்றை எழுதும் கணத்திலேயே, இது சொல்லா ஆளா என்று மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும்.

‘ஆவியானவர்’ என்பதுபோல் முதலிலேயே ‘வார்த்தையானவர்’ என்று எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். இலக்கணம் இடம் கொடுக்கும். நூலின் நடை இடம் கொடுக்காது. கடவுள் சொல்ல உலகு உண்டான ஆதியாகமத்தை நினைவூட்டியே யோவான் தொடங்குகிறார். அந்தச் சொல் ஓர் ஆள் என்பது மெல்லத்தான் துலங்குகிறது. ஐந்தாம் வசனத்தில் ஒளியை இருள் மேற்கொள்ளவில்லை என்னும்போது கிரேக்கம் ‘அதை’ என்கிறது. பேச்சு இன்னும் ஒளியைப் பற்றியே இருக்க, பத்தாம் வசனத்தில் உலகம் அறியாமல் போனது ‘அவரை’. இது லோகோஸைச் சுட்டும் வெறும் இசைவுதான் என்று மறுப்பவர்கள், இடையில் ஒளியைப் பற்றி இத்தனை வசனங்கள் இருப்பதையும், தமக்குரியவர்களிடம் வந்து ஏற்கப்படாமல் போவது ஓர் ஆளுக்கே நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு ஏறுவது தமிழ் புகுத்திய பிழையன்று. மூலத்திலேயே அந்த ஏற்றம் உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை எட்டு வசனம் முன்னதாகவே செய்துவிட்டார்கள் என்பது மட்டுமே குறை.